அப்பாவுக்குச் சர்க்கரையால் சிறுநீரகம் போனது, எனக்கும் போகுமா?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாக எழுதிவிடுகிறேன், பிறகு வந்து படிப்பவர்களுக்கும் புரியும். உங்களுக்கு வயது 38, ஆறு வருடமாக டைப் 2 சர்க்கரை நோய், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி கடைசியாகப் பார்த்தபோது 8.4, சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் இரத்தத்தில் 0.9. அப்பாவுக்கு இருபது வருடம் சர்க்கரை இருந்து, கடைசியில் டயாலிசிஸ் வரை போய்விட்டது. பெரியப்பாவும் டயாலிசிஸில்தான் இருந்தார், ஆனால் அவருக்குச் சர்க்கரை இருந்ததா என்று உங்களுக்குத் தெரியாது. அம்மாவுக்கோ அப்பாவைவிட அதிக வருடமாகச் சர்க்கரை இருந்தும் சிறுநீரகம் நன்றாக இருக்கிறது. இது பரம்பரையிலேயே முடிவாகிவிட்ட விஷயமா, ஜீன் டெஸ்ட் எடுத்தால் தெரிந்துவிடுமா, கிரியாட்டினின் நார்மல் என்பதால் நிம்மதியாக இருக்கலாமா என்று மூன்று கேள்விகள்.

முடிவாகிவிடவில்லை. ஜீன் டெஸ்ட் எல்லோருக்கும் தேவைப்படாது, உங்களுக்குத் தேவையா என்பது பெரியப்பாவைப் பற்றி நீங்கள் விசாரித்துக்கொண்டு வருவதைப் பொறுத்தது. கிரியாட்டினினை மட்டும் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம். இனி ஒவ்வொன்றும் ஏன் அப்படி என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் பத்துப் பேரை எடுத்துக்கொண்டால், மூன்று நான்கு பேருக்குத்தான் காலப்போக்கில் சிறுநீரகப் பாதிப்பு வருகிறது. மீதிப் பேரின் இரத்தத்திலும் அதே சர்க்கரைதான் பல வருடம் ஓடுகிறது, ஆனால் சிறுநீரகம் தாக்குப்பிடிக்கிறது. பாஸ்டனில் உள்ள ஜோஸ்லின் நீரிழிவு மையம், 50 வருடம் இன்சுலினோடு வாழ்ந்தவர்களுக்குப் பதக்கம் கொடுக்கிறது. அந்தப் பதக்கம் வாங்கியவர்களை ஆராய்ந்தபோது பலருக்குச் சிறுநீரகம் பழுதாகாமலே இருந்தது. சர்க்கரைக் கட்டுப்பாட்டை மட்டும் வைத்து அதை விளக்க முடியவில்லை. 2017-ல் வெளிவந்த ஆய்வில், அப்படித் தப்பியவர்களின் சிறுநீரக வடிகட்டிகளில் சர்க்கரையைச் சிதைத்துத் தீர்க்கும் என்சைம்கள், குறிப்பாக பைருவேட் கைனேஸ் எம்2, அதிகமாக இருந்தது தெரிந்தது. அதாவது உள்ளே வந்த சர்க்கரை தேங்கி விஷமாகாமல் செலவாகிக்கொண்டே இருந்திருக்கிறது. உங்கள் அம்மாவுக்கும் இப்படி ஏதோ ஒரு பாதுகாப்பு இருக்கலாம். அப்படியிருந்தால் அதில் ஒரு பங்கு உங்களுக்கும் வந்திருக்க வாய்ப்பு உண்டு. பரம்பரை என்றாலே அப்பாவின் பக்கத்தை மட்டும் நினைத்துப் பயப்படுகிறோம், அதனால் இதைச் சொல்கிறேன்.

சரி, குடும்பத்தில் ஓடுகிறது என்பதற்கு என்ன ஆதாரம்? 1989-ல் டைப் 1 சர்க்கரை உள்ள உடன்பிறப்புகளை வைத்து ஒரு சிறிய ஆய்வு நடந்தது. ஒருவருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருந்தால், சர்க்கரை உள்ள அவரது உடன்பிறப்புகளில் 83 சதவீதம் பேருக்கும் பாதிப்பு இருந்தது. பாதிப்பு இல்லாதவரின் உடன்பிறப்புகளில் அது 17 சதவீதம்தான். அடுத்த வருடம், அரிசோனாவில் வாழும் பிமா பழங்குடி மக்களிடம் செய்த ஆய்வு வந்தது. அவர்களிடம் டைப் 2 சர்க்கரை மிக அதிகம். சிறுநீரில் புரதம் போவது சிறுநீரகப் பாதிப்பின் அடையாளம். சர்க்கரை நோய் உள்ள பிள்ளைகளில், பெற்றோர் இருவருக்கும் அப்படிப் போகவில்லை என்றால் 14 சதவீதம் பேருக்குத்தான் புரதம் போனது. பெற்றோரில் ஒருவருக்குப் போயிருந்தால் 23, இருவருக்குமே போயிருந்தால் 46. படிப்படியாக ஏறுகிறது பாருங்கள். இதில் ஒன்றை மறக்கக் கூடாது, ஒரு குடும்பத்துக்கு ஜீன் மட்டுமா பொது? சமையலும் உப்பின் அளவும் பொது, மாத்திரையை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடும் பழக்கமும் பல வீடுகளில் பொதுதான். அதனால் குடும்பத்தில் ஓடுவதையெல்லாம் ஜீனின் கணக்கில் எழுதிவிட முடியாது. ஆனால் பெரும் எண்ணிக்கையில் ஜீன்களையே நேராகப் பார்த்த ஆய்வுகள் பின்னாளில் வந்தன, ஜீனுக்குப் பங்கு இருப்பது உறுதியானது.

அந்தப் பங்கு எப்படிப்பட்டது என்று புரிய, வடிகட்டியைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும். ஒரு சிறுநீரகத்தில் சராசரியாகப் பத்து லட்சம் நெஃப்ரான்கள், அதாவது வடிகட்டும் நுண்ணிய அலகுகள். ஆளுக்கு ஆள் இது இரண்டு லட்சத்திலிருந்து இருபது லட்சத்துக்கு மேல் வரை மாறுகிறது, பிறந்த பிறகு ஒன்றுகூடப் புதிதாக முளைக்காது. ஒவ்வொரு நெஃப்ரானின் தலையிலும் நுண்ணிய இரத்தக்குழாய்ச் சுருள் ஒன்று இருக்கிறது, அதன் சுவர்தான் வடிகட்டி. அந்தச் சுவரின் நடுவில் ஒரு மெல்லிய சவ்வு, ஒரு மில்லிமீட்டரை மூவாயிரமாகப் பிரித்தால் ஒரு பங்கு எவ்வளவோ அவ்வளவுதான் அதன் தடிமன். வெளிப்பக்கம் போடோசைட் என்ற செல்கள், விரல்களைக் கோத்துக்கொண்டு அணைத்த மாதிரி அந்தச் சவ்வைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. இரண்டு சிறுநீரகங்களிலும் சேர்த்து ஒரு நாளைக்கு ஏறக்குறைய 180 லிட்டர் இந்தச் சவ்வைத் தாண்டி வடிகிறது.

சர்க்கரை அதிகமானால் முதலில் இரண்டு நடக்கிறது. சுருளுக்குள் இரத்தம் நுழையும் வாசல் அகலமாகி உள்ளே அழுத்தம் கூடுகிறது, சவ்வு மெல்ல மெல்லத் தடிக்கிறது. தடித்தால் நன்றாக வடிகட்டும் என்று தோன்றும், ஆனால் நடப்பது அதற்கு நேர்மாறு. அதன் பின்னல் கெட்டு, போடோசைட்டின் பிடி தளர்ந்து, இரத்தத்தில் இருக்க வேண்டிய ஆல்புமின் புரதம் சிறுநீரில் கசிய ஆரம்பிக்கிறது. போடோசைட் உதிர்ந்துவிட்டால் அந்த இடத்தை நிரப்ப வேறு செல் பிரிந்து வருவதும் கிடையாது.

இப்போது ஜீனுக்கு வருவோம். அந்தச் சவ்வை நெய்யும் நூல்களில் ஒன்று கொலாஜன், அதில் ஒரு இழையைத் தயாரிக்கும் ஜீனுக்குப் பெயர் சிஓஎல்4ஏ3. 2019-ல், டைப் 1 சர்க்கரை உள்ள ஏறக்குறைய 19,400 பேரின் மரபணுக்களை ஆராய்ந்த ஒரு பெரிய பன்னாட்டு ஆய்வு வெளிவந்தது. இந்த ஜீனின் டிஎன்ஏவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தவர்களுக்குச் சிறுநீரகப் பாதிப்பு குறைவாக இருந்தது அதில் தெரிந்தது. நோயின் அறிகுறி எதுவும் வரும் முன்பே அவர்களுடைய சவ்வு மற்றவர்களுடையதைவிட மெல்லியதாக இருந்தது, தடிப்பதற்கு முன் கொஞ்சம் இடம் கையிருப்பில் இருந்த மாதிரி. என்னை மிகவும் யோசிக்க வைத்தது இதற்கு அடுத்த வரிதான்: அந்த மாற்றத்தின் பலன் சர்க்கரை அளவைப் பொறுத்தே இருந்தது. சர்க்கரை ஏறிக்கிடந்தவர்களிடம் இந்த எழுத்து இருப்பவருக்கும் இல்லாதவருக்கும் வித்தியாசம் நன்றாகத் தெரிந்தது, கட்டுப்பாட்டில் வைத்திருந்தவர்களிடம் அவ்வளவாகத் தெரியவில்லை.

உங்கள் கேள்விக்கான பதில் பெரும்பாலும் இதற்குள்ளேயே இருக்கிறது. ஜீனால் ஒரு பங்கு, சர்க்கரையால் ஒரு பங்கு என்று இரண்டையும் தனித்தனியாக வைத்துக் கூட்டுகிற கணக்கு இது இல்லை, பெருக்கல் கணக்கு. பெருக்கலில் ஒரு எண்ணைக் குறைத்தால் மற்ற எண் அப்படியே இருந்தாலும் விடை இறங்கிவிடும். அப்பாவிடமிருந்து வந்த எண்ணை உங்களால் மாற்ற முடியாது, 8.4 என்ற எண்ணை மாற்ற முடியும்.

இதே மாதிரி இன்னொரு ஜீன், யூஎம்ஓடி. நம் எல்லோருடைய சிறுநீரிலும் இயல்பாகவே அதிகம் இருக்கும் புரதம் யூரோமாடுலின், அதைத் தயாரிப்பது இது. 2009-ல், நாள்பட்ட சிறுநீரக நோய்க்கு மரபணு முழுவதையும் அலசித் தேடியபோது முதலில் கிடைத்தது இதுதான். மனிதர்களில் பெரும்பாலானோரிடம் இருக்கும் வடிவம் யூரோமாடுலினை அதிகமாகச் சுரக்க வைக்கிறது, அது உடலில் உப்பைப் பிடித்துவைத்து இரத்த அழுத்தத்தையும் கூட்டுகிறது. சிறுபான்மை வடிவம் உள்ளவர்களுக்குச் சிறுநீரக நோய் சுமார் 20 சதவீதம் குறைவு. 2022-ல் சர்க்கரை உள்ளவர்கள் ஒன்றே முக்கால் லட்சம் பேரையும் இல்லாதவர்கள் 13 லட்சம் பேரையும் அருகருகே வைத்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். சிறுநீரகத்தின் செயல்திறனைத் தீர்மானிக்கும் ஜீன்களில் பெரும்பாலானவை இரண்டு கூட்டத்திலும் ஒரே மாதிரிதான் வேலை செய்தன. சிலவற்றின் பாதிப்பு மட்டும் சர்க்கரை உள்ளவர்களிடம் பெரிதாகத் தெரிந்தது, அதில் இந்த யூஎம்ஓடியும் ஒன்று.

கியூபிலின் என்ற புரதத்தின் ஜீன் வேறு ஒரு பாடம் சொல்கிறது. கசிந்துவந்த ஆல்புமினை, வடிகட்டிக்கு அடுத்துள்ள நெஃப்ரான் குழாயிலிருந்து பொறுக்கி உடலுக்குள் திருப்பி அனுப்புவது கியூபிலினின் வேலை. அந்த ஜீனில் ஒரு மாற்றம் இருந்தால் சிறுநீரில் ஆல்புமின் கூடும், சர்க்கரை உள்ளவர்களிடம் அந்தக் கூடுதல் இன்னும் அதிகம். ஆனால் அதே ஜீனின் வால் பகுதியில் சில அரிய மாற்றங்கள் உள்ளவர்களுக்கு ஆயுள் முழுக்க ஆல்புமின் போய்க்கொண்டிருந்தும் சிறுநீரகத்தின் திறன் குறையவே இல்லை! வடிகட்டி ஓட்டையாகிப் போகும் ஆல்புமினும், பொறுக்க ஆள் இல்லாமல் போகும் ஆல்புமினும் ஒன்றல்ல என்பதை இது காட்டுகிறது. இதைப் படித்துவிட்டு "எனக்கும் அந்த வகைதான்" என்று யாரும் மருந்தை நிறுத்திவிட வேண்டாம், அது மிக அரிது.

ஏபிஓஎல்1 ஜீனைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், சிறுநீரக மரபியல் என்றாலே இந்தப் பெயர் வந்துவிடும். தூக்க நோயை உண்டாக்கும் ஒட்டுண்ணியிடமிருந்து காப்பாற்றியதால் மேற்கு ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் பரவிய இரண்டு வடிவங்கள், 2010-ல் கண்டுபிடிக்கப்பட்டன. அமெரிக்கக் கறுப்பினத்தவரில் சுமார் 13 சதவீதம் பேரிடம் ஆபத்தான வடிவம், அப்பாவிடமிருந்து ஒன்று அம்மாவிடமிருந்து ஒன்று என, இரண்டு நகலாக இருக்கிறது. சிறுநீரக நோய் வந்துவிட்டவர்களில், இந்த இரண்டு நகல் உள்ளவர்களுக்குச் சர்க்கரை இருந்தாலும் இல்லாவிட்டாலும் நோய் வேகமாக முற்றுவதை 2013-ல் வந்த ஆய்வு காட்டியது. அப்படி இருந்தும், இரண்டு நகல் உள்ளவர்களில் பெரும்பாலோருக்குச் சிறுநீரக நோய் வருவதே இல்லை. அதற்கு மேல் வேறு ஏதாவது ஓர் அடியும் விழ வேண்டும். அறியப்பட்டவற்றிலேயே வலுவான ஜீனுக்கே இந்த நிலைமை என்றால், மற்ற சின்னச் சின்ன மாற்றங்களை வைத்து ஒருவருக்கு ஆரூடம் சொல்ல முடியாது என்பது புரியும்.

ஜீன் டெஸ்டுக்கு வருகிறேன். இதில் இரண்டு வகை இருக்கிறது, இரண்டையும் குழப்பிக்கொள்கிறோம். நூற்றுக்கணக்கான சிறு மாற்றங்களைக் கூட்டி ஒரு மதிப்பெண் போடுவது ஒரு வகை. 2022-ல் அப்படி உருவாக்கிய ஒரு மதிப்பெண்ணில், உச்சியில் இருந்த 2 சதவீதம் பேருக்குச் சிறுநீரக நோய் ஆபத்து மற்றவர்களைப்போல் சுமார் மூன்று மடங்கு இருந்தது. ஆராய்ச்சிக்கு அருமையான கருவி. ஆனால் இந்த மதிப்பெண்களுக்கு அடிப்படையான தரவில் பெரும்பகுதி ஐரோப்பிய வம்சாவளியினருடையது, மற்றவர்களுக்கு அது அவ்வளவு துல்லியமாகப் பொருந்தாது. தவிர, மதிப்பெண் கூடுதலாக வந்தாலும் குறைவாக வந்தாலும் மருத்துவர் உங்களுக்குச் சொல்லப்போவது ஒன்றேதான், சர்க்கரையையும் அழுத்தத்தையும் இறக்கு, ஆல்புமினைப் பார். அதனால் இதற்குச் செலவு செய்ய வேண்டாம் என்பது என் கருத்து.

இன்னொரு வகை, ஒரே ஒரு ஜீன் பழுதானதால் வரும் நோயைத் தேடுவது. உங்கள் பெரியப்பா இங்கேதான் முக்கியமாகிறார். அவருக்குச் சர்க்கரையே இல்லாமல் சிறுநீரகம் செயலிழந்திருந்தால், உங்கள் குடும்பத்தில் ஓடுவது சர்க்கரையால் வந்த பாதிப்பாக இல்லாமல், தனியாக ஒரு பரம்பரைச் சிறுநீரக நோயாக இருக்கலாம், அப்பாவுக்கு அதன் மேல் சர்க்கரையும் சேர்ந்துகொண்டிருக்கலாம். சர்க்கரை உள்ளவருக்குச் சிறுநீரகம் கெட்டால் "சர்க்கரையால்தான்" என்று எழுதிவிட்டு மேலே தேடாமல் விடுவது எங்கும் நடக்கிறது. நான் மேலே சொன்ன அதே கொலாஜன் ஜீன் மோசமாகப் பழுதானால் அது ஆல்போர்ட் நோய், சிறுநீரில் கண்ணுக்குத் தெரியாத இரத்தம் போகும், காதும் மந்தமாகலாம். யூஎம்ஓடி ஜீன் பழுதானால் சிறுநீரில் புரதம் அதிகம் போகாமலே கிரியாட்டினின் ஏறிக்கொண்டு போகும். நீர்க்கட்டிச் சிறுநீரக நோயை ஸ்கேனிலேயே பார்த்துவிடலாம். ஹெச்என்எஃப்1பி என்ற ஜீன் பழுதானால் சர்க்கரையும் சிறுநீரகக் கோளாறும் ஒரே வேரிலிருந்து வரும். செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவில் அம்மா வழியாக மட்டும் வரும் பழுது ஒன்று இருக்கிறது, அதில் சர்க்கரை, காது மந்தம், சிலருக்குச் சிறுநீரகப் பாதிப்பு மூன்றும் சேர்ந்து வரும். 2019-ல் சிறுநீரக நோயாளிகள் 3,315 பேருக்கு ஜீன் பரிசோதனை செய்தபோது 307 பேருக்கு, அதாவது 9.3 சதவீதம் பேருக்கு, இப்படி ஒற்றை ஜீன் காரணம் கிடைத்தது. ஆகவே வீட்டில் பெரியவர்களிடம் விசாரியுங்கள். பெரியப்பாவுக்கு எந்த வயதில் ஆரம்பித்தது, சர்க்கரை இருந்ததா, காது எப்படிக் கேட்டது, அவர் பிள்ளைகள் யாருக்காவது பிரச்சினை உண்டா. பழைய ரிப்போர்ட் ஒன்று கிடைத்தால் இன்னும் நல்லது. சர்க்கரை இல்லை என்று தெரியவந்தால் அதைச் சிறுநீரக மருத்துவரிடம் சொல்லுங்கள், ஜீன் டெஸ்டுக்கு அப்போது உண்மையான பயன் இருக்கிறது.

அப்புறம் உங்கள் ரிப்போர்ட். கிரியாட்டினின் 0.9 என்பதை உங்கள் வயதுள்ள ஓர் ஆணுக்குக் கணக்கிட்டால் இஜிஎஃப்ஆர், அதாவது சிறுநீரகம் வடிகட்டும் வேகத்தின் மதிப்பீடு, 112 அளவில் வரும். தாள் அதை நார்மல் என்று சொல்வது சரிதான். ஆனால் சர்க்கரையின் ஆரம்பக் கட்டத்தில் வடிகட்டி அழுத்தத்தால் வழக்கத்தைவிட அதிகமாகவே வேலை செய்யும் என்று சொன்னேன் அல்லவா, அந்தச் சமயத்தில் கிரியாட்டினின் அழகாக இருக்கும். அது ஏறித் தெரிவதற்குள் நெஃப்ரான்களில் பெரும் பங்கு போயிருக்கும். நீங்கள் எழுதியதில் இல்லாத ஒன்று, சிறுநீரில் ஆல்புமினுக்கும் கிரியாட்டினினுக்கும் உள்ள விகிதம். லேபில் மைக்ரோ ஆல்புமின் என்றால் தெரியும், விகிதமாக எழுதித் தரச் சொல்லுங்கள். காலையில் எழுந்ததும் முதலில் போகும் சிறுநீர் நல்லது. கிராமுக்கு 30 மில்லிகிராமுக்குக் கீழே என்றால் நல்லது, 30 முதல் 300 வரை என்றால் கசிவு தொடங்கிவிட்டது, 300-க்கு மேல் என்றால் கடுமையானது. காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, கடும் உடற்பயிற்சி இவற்றால் தற்காலிகமாகக் கூடும், அதனால் ஒரு தடவை கூடினதும் கலங்காமல், மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் திரும்பப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். டைப் 2 என்றால் நோய் தெரிந்த நாளிலிருந்தே வருடம் ஒருமுறை இதைப் பார்க்க வேண்டும். ஆறு வருடமாக உங்களுக்கு ஒருதடவைகூடப் பார்க்கவில்லை என்றால் இந்த வாரமே போய்க் கொடுங்கள்.

சர்க்கரையை இறக்கினால் உண்மையில் எவ்வளவு மாறும்? 1983 முதல் 1993 வரை டைப் 1 சர்க்கரை உள்ள 1,441 பேரை வைத்து நடந்த டிசிசிடி ஆய்வில், ஹெச்பிஏ1சியை 9-க்குப் பதில் 7-ஐ ஒட்டி வைத்திருந்தவர்களுக்கு ஆல்புமின் கசிய ஆரம்பிப்பது 39 சதவீதமும், கடுமையான கசிவு 54 சதவீதமும் குறைந்தது. ஆய்வு முடிந்த பிறகு இரண்டு பிரிவினரின் சர்க்கரையும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டது, ஆனாலும் ஆரம்பத்தில் கட்டுப்படுத்தியவர்களுக்கு அந்த நன்மை நிலைத்தது. ஆய்வு தொடங்கி 22 வருடம் கழித்துப் பார்த்தபோது, சிறுநீரகத் திறன் குறைவது அவர்களிடம் பாதியாக இருந்தது. ஜீனின் எழுத்து மாறாவிட்டாலும், எந்த ஜீன் எவ்வளவு வேலை செய்ய வேண்டும் என்று செல் போட்டுக்கொள்ளும் குறிப்புகளைச் சர்க்கரை மாற்றிவைக்கிறது, அந்தக் குறிப்புகள் நெடுநாள் அழிவதில்லை என்பது இதற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று. அதனால் 38 வயதில் இறக்கும் சர்க்கரைக்கும் 55 வயதில் இறக்கும் சர்க்கரைக்கும் மதிப்பு ஒன்றல்ல.

மருந்திலும் உங்கள் அப்பாவின் காலத்துக்கும் இப்போதைக்கும் பெரிய வித்தியாசம். லோசார்டன் போன்ற இரத்த அழுத்த மாத்திரைகள் சிறுநீரகத்தைக் காக்கும் என்பது 2001-லேயே நிரூபணமாகிவிட்டது. எஸ்ஜிஎல்டி2 என்பது, வடிந்துபோன சர்க்கரையைச் சிறுநீரகம் திரும்ப இரத்தத்துக்கு எடுத்துக்கொள்ளும் வாயில். அதை அடைக்கும் எஸ்ஜிஎல்டி2 தடுப்பு மருந்துகளின் கதையில் ஜீனும் வருகிறது. பிறவியிலேயே எஸ்ஜிஎல்டி2 ஜீன் வேலை செய்யாத சிலர் இருக்கிறார்கள், சிறுநீரில் நாள் முழுக்கச் சர்க்கரை போய்க்கொண்டே இருக்கும், ஆனால் பெரும்பாலும் ஆரோக்கியமாக வாழ்கிறார்கள். அந்த வாயிலை அடைத்தாலும் உடல் தாங்கும் என்பதற்கு இயற்கையே காட்டிய சான்று அது. அதே வாயிலை மருந்தால் அடைத்தபோது சர்க்கரை இறங்கியதோடு, சுருளுக்குள் இரத்தம் நுழையும் அந்த அகன்ற வாசலும் சுருங்கி அழுத்தம் குறைந்தது. 2019-ல் இந்த வகையைச் சேர்ந்த கானாக்ளிஃப்ளோசின், சிறுநீரகச் செயலிழப்பு உள்ளிட்ட முக்கியப் பாதிப்புகளை 30 சதவீதம் குறைத்தது, அடுத்த வருடம் டாபாக்ளிஃப்ளோசினும் பலன் காட்டியது. வேறு வகை மருந்துகளான ஃபினெரினோன், செமாக்ளூடைட் இரண்டும் பின்னால் வந்து சேர்ந்தன. இந்த மருந்துகள் உங்கள் ஜீன் எது என்று கேட்டுவிட்டு வேலை செய்வதில்லை. உங்களுக்கு எது பொருந்தும் என்பதை ஆல்புமின் ரிப்போர்ட்டைப் பார்த்து மருத்துவர்தான் சொல்ல வேண்டும், நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். வலி மாத்திரைகளை அடிக்கடி போடும் பழக்கம் இருந்தால் அதை மட்டும் இன்றைக்கே நிறுத்திவிடலாம்.

கடைசியில் ஒரு வரியில் தங்கையைப் பற்றி எழுதியிருந்தீர்கள், அவருக்குச் சர்க்கரை இல்லை, அதனால் கவலையில்லை என்று. பெரியப்பாவின் கதை தெரியும் வரை அப்படி விட வேண்டாம். நீங்கள் லேபுக்குப் போகும் அன்று அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள், இரத்த அழுத்தம், கிரியாட்டினின், சிறுநீரில் ஆல்புமின், இரத்தம் போகிறதா, இவ்வளவையும் ஒரே காலையில் பார்த்துவிடலாம்.